தார்சுக்கு வெள்ளை: ஈரோட்டு வெயிலில் இரண்டு கோடை பார்த்த கூல் ரூஃப் பெயிண்ட்

மொட்டைமாடித் தரைக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட், கடையில் கூல் ரூஃப் கோட்டிங் என்று சொல்கிறார்களே, அதை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: நீங்கள் தூங்கும் அறைக்கு மேலே தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, இருந்து, அதற்கு மேலே வேறு மாடி இல்லை என்றால் வாங்குங்கள். ஏசிக்கென்று பணம் எடுத்து வைத்திருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதும் கீழே இருக்கிறது.

நாங்கள் ஈரோட்டில் வீரப்பன்சத்திரம் பக்கம். கீழ்வீட்டை ஜவுளி குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேல்வீட்டில் இருக்கிறோம். பின்பக்கம் சிமெண்ட் அட்டை போட்ட கொட்டகையில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. கனி மார்க்கெட் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். பக்கத்து லைன் வீடுகளிலிருந்து மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆக, எனக்குக் கவலைப்பட இரண்டு கூரை. படுக்கிற வீட்டுக்குத் தார்சு, பிழைக்கிற இடத்துக்கு அட்டை. இரண்டுக்கும் அடித்துப் பார்த்ததால் இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

2024 சித்திரையில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பகலைக்கூட எப்படியோ தள்ளிவிட்டோம். ராத்திரிதான் பெரும்பாடு. பத்து மணிக்கு வெளியே காற்று ஆறியிருக்கும், உள்ளே வந்தால் அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கும். ஃபேனைப் போட்டால் மேலே தேங்கியிருக்கும் அனலை அது கீழே தள்ளும், நிறுத்தினால் உப்புசம். என் மாமியாருக்கு 76 வயது. சர்க்கரையும் உண்டு, பிரஷர் மாத்திரையும் உண்டு. ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். வயதானவர்களுக்குப் பகல் வெயிலைவிட, ராத்திரியும் உடம்பு ஆறாமல் போவதுதான் ஆபத்து. அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. வெயிலில் நிற்பவர்களுக்கு மட்டுமான ஆபத்து என்று இதை நினைக்காதீர்கள். வீட்டுக்குள் படுத்திருப்பவர்களுக்கும் அது உண்டு.

என் அம்மா பிறந்த வீடு சென்னிமலைக்குப் பக்கம். நாட்டு ஓடு, உயரமான முகடு, நடுவில் தொட்டி என்கிற திறந்த முற்றம். சித்திரை மத்தியானத்தில் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், பாயைப் போட்டுப் படுத்தால் தூக்கம் வரும். ஓட்டுச் சந்து வழியாகச் சூடு மேலே போய்விடும், பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஓடும் ஆறிவிடும். கான்கிரீட் அப்படி ஆறாது. ஐந்து அங்குலத் தார்சு பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி நம் தலையில் கக்கும். பழைய கொத்தனார்கள் தார்சுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். எங்கள் வீடு கட்டியபோது செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்தியிருக்கிறார்கள். இந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் உச்சிக்கு நேராக வரும். அந்தச் சமயம் நடுப்பகலில் மாடியில் நின்று பாருங்கள், நிழல் காலடியிலேயே விழும். வெயில் சுவரில் அதிகம் படுவதில்லை, தார்சு மேல்தான் கொட்டுகிறது. அதனால் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் மாடி.

இந்த பெயிண்ட் செய்வது ஒரே வேலை. கறுத்துப்போன சிமெண்ட் தளம் விழுகிற வெயிலில் முக்கால் பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே போன கொஞ்சச் சூட்டையும் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

மேட்டூர் ரோட்டில் முதலில் நுழைந்த கடையில், "சாதா வெள்ளை எமல்ஷனே போதுமுங்கம்மா, ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார்கள். ஒன்றில்லை. சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் படுத்த தளத்தில் தேங்கும் தண்ணீரையும், கால் மிதிபடுவதையும், தார்சு வெயிலில் விரிந்து ராத்திரி சுருங்குவதையும் தாங்காது. சீக்கிரமே செதில் செதிலாக வந்துவிடும். அடுத்த கடைக்காரர் பெரியவர். வாளியைத் திருப்பி லேபிளைக் காட்டினார். "கம்பெனி பேரை அப்புறம் பாருங்க, மொதல்ல இந்த நம்பரைப் பாருங்க" என்று எஸ்.ஆர்.ஐ. என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். வெயிலில் ஒரு பரப்பு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்கான அளவு அது. குறிப்பிட்ட ஒரு கறுப்புப் பரப்புக்கு 0, ஒரு வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நல்ல சரக்கில் 100க்கு மேலேயே போட்டிருக்கும். நம்பர் எதுவுமே இல்லாமல் சூரியன் படமும் ஐஸ் படமும் மட்டும் இருந்தால் அந்த வாளியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளையைத் தவிர வேறு நிறமும் கேட்காதீர்கள். சாம்பல், செங்கல் நிறத்திலும் கலந்து தருகிறார்கள், பலன் குறைந்துவிடும்.

லேபிளில் ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பது வழவழப்பான தளத்துக்கு. சொரசொரப்பான பழைய சிமெண்ட் பெயிண்டைக் குடிக்கும். 850 சதுர அடி தார்சுக்கு இரண்டு கோட்டு அடிக்க எங்களுக்கு 20 லிட்டர் வாளி இரண்டு முழுசாகப் போனது.

பெயிண்டை விட அடிக்கிற ஆள் முக்கியம். எங்களுக்கு வந்த பெயிண்டர் தம்பி பவானிக்காரர். வந்ததும் டப்பாவைத் திறக்கவில்லை. முதல் நாள் முழுக்க மாடியைச் சுத்தம் செய்ததிலேயே போனது. கம்பி பிரஷ் போட்டு மழைக்காலப் பாசியைச் சுரண்டினார், சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார், தண்ணீர் கறுப்பாக ஓடுவது நிற்கும் வரைக்கும் விடவில்லை. பிறகு குனிந்து உட்கார்ந்து தளத்தின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் காயும்போது, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வெடிப்புகளெல்லாம் ஈரக்கோடுகளாக நின்றன. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, ஃபில்லர் அடைத்து, பெரிய வெடிப்புகளின் மேல் வலைத்துணி ஒட்டினார். இந்த வேலையைச் செய்யாமல் மேலே வெள்ளையைப் பூசினால் வெடிப்பு பெயிண்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.

நாங்கள் அடித்தது கடும் வெயில் காலம். மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தவரை ஏன் அடிக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தார்சு சுடறப்ப அடிச்சா கீழ பிடிக்காதுங்கண்ணா, மேலாப்புல காஞ்சு போயிரும். காலையில ஒரு கோட்டு, பொழுதோட ஒரு கோட்டுங்க" என்றார். முதல் கோட்டு கிழக்கு மேற்காக, இரண்டாவது வடக்கு தெற்காக. முதல் கோட்டுக்கு மட்டும் தண்ணீர் சேர்த்தார், அதுவும் லேபிளில் சொன்ன அளவு. செலவைக் குறைக்கிறேன் என்று இரண்டாவது கோட்டில் தண்ணீரை ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அடிக்கும்போது நீங்கள் மாடியில் இருங்கள்.

எவ்வளவு குறைந்தது என்பதற்கு வருகிறேன். என் அண்ணன் மகன் பெருந்துறை சிப்காட்டில் பாய்லர் பராமரிப்பில் இருக்கிறான். தொடாமலேயே சூடு அளக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அவன் கொண்டுவந்தான். கொரோனா காலத்தில் நெற்றியில் வைத்தார்களே, அது இதற்கு ஆகாது. அதில் காய்ச்சல் அளவுக்கு மேல் நம்பர் வராது. தண்ணீர் டேங்க் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலையை அடிக்காமல் விடச் சொல்லியிருந்தேன், ஒரே வெயிலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மத்தியானம் இரண்டரை மணிக்கு வெறும் சிமெண்ட் 61 டிகிரி காட்டியது, அடித்த இடம் 41. நடுவில் இருந்தது ஒரு சாண் தூரம்.

வீட்டுக்குள் அதே 20 டிகிரி குறையாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அடிப்பதற்கு முன்னால் படுக்கை அறையின் மேல்தளம் உட்பக்கமாகச் சாயங்காலம் 41 காட்டியது. அடித்த பிறகு, கிட்டத்தட்ட அதே வெயில் அடித்த நாளில், 36. அறைக் காற்று 3 டிகிரி குறைந்தது. 3 டிகிரிதானா என்று கேட்கலாம். உடம்புக்குத் தெரிவது காற்றின் சூடு மட்டுமில்லை. தலைக்கு மேலே இருக்கும் தளம் உடம்பைவிடச் சூடாக இருந்தால் அது நம் மேல் சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். 36க்கு இறங்கியதும் அந்த வீச்சு நின்றது. ஃபேன் காற்று காற்றாக வந்தது. ராத்திரி பத்து மணிக்குத் தளம் 33க்கு வந்திருந்தது. முன்பு அதே நேரத்தில் 38 இருக்கும். மாமியார் பொழுதோட மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வார், அரைமணி நேரம் இதமாக இருக்கும், பிறகு பழையபடி. காவேரித் தண்ணீரை அப்படிக் கொட்ட எனக்கு மனசு வராது. பெயிண்ட் அடித்த பிறகு ஒருநாள், "ஏ அம்மிணி, நான் தூங்கறப்பவே மாடிக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று கேட்டார். ஊற்றவில்லை அத்தை என்றேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு மாடியில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது. வடகம் காயவைக்கப் போகும்போது செருப்பைத் தேடுவதில்லை.

கொட்டகை விஷயம் இன்னும் பெரிது. சிமெண்ட் அட்டைக்குக் கனம் இல்லை, வெயில் விழுந்த உடனே உள்பக்கம் சுடும். கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் அட்டை நண்பகலில் 52 டிகிரி காட்டியது. கோடையில் பன்னிரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தினால் நான்கு மணிக்குத்தான் மறுபடி உட்கார முடியும். பீஸ் கணக்குக் கூலி, அந்த நான்கு மணி நேரம் அவர்களுக்கு நஷ்டம். உட்கார்ந்து தைத்தாலோ வெளிர் நிறக் காட்டனில் வேர்வைக் கறை விழும், அந்த பீஸ் திரும்பி வந்துவிடும். வெள்ளை அடித்த பிறகு அட்டையின் உள்பக்கம் 41, 42க்கு இறங்கியது. இப்போதும் வெயில் உச்சியில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம், மற்ற நேரம் வேலை ஓடுகிறது. போட்ட காசு முதலில் திரும்பியது கொட்டகையில்தான்.

அட்டைக்கு அடிப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். பழைய அட்டை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைக் கம்பி பிரஷாலோ உப்புத்தாளாலோ காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நன்றாக நனைத்து, மெத்தென்ற துடைப்பத்தால் பாசியைத் தள்ளினால் போதும், பெயிண்டரும் முகக்கவசம் போட வேண்டும். அடுத்தது, அட்டை மேல் நேராகக் கால் வைக்க விடாதீர்கள். அடியில் மரச்சட்டம் இருக்கும் வரிசை பார்த்து, பலகையைக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்து அடிக்க வேண்டும். அட்டை உடைந்து கீழே விழுந்து இடுப்பு போனவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். பலகைக்கும் கூடுதல் ஆளுக்கும் ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

செலவுக் கணக்கு: 20 லிட்டர் வாளி 5,400 ரூபாய் வீதம் இரண்டு 10,800. கொட்டகைக்கு 10 லிட்டர் 2,900. வெடிப்பு ஃபில்லர், வலைத்துணி 1,300. கூலி 6,000. ஆக மொத்தம் 21,000. கொட்டகையின் 240 சதுர அடியையும் சேர்த்தால் சதுர அடிக்கு 19 ரூபாய் சுமார்.

இதை ஏசியோடு வைத்துப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி, மாட்டும் செலவு, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்து 40,000க்கு மேல். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து, ஆறு யூனிட் எடுக்கும், இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். எங்களைப் போல 300 யூனிட்டில் இருக்கும் வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்று நினைக்காதீர்கள், கீழ் அடுக்குக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். ஏசி ஓர் அறைக்குத்தான் வரும், அதுவும் கரண்ட் இருக்கும் வரை. ஏற்கெனவே ஏசி இருக்கும் வீட்டுக்காரர்களும் இந்த வெள்ளையை அடிக்கலாம். தார்சு இறக்கும் சூட்டோடு மல்லுக்கட்டும் வேலை ஏசிக்குக் குறையும்.

பெயிண்டோடு சேர்த்து இரண்டு ஃபேனை மாற்றினோம். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமார், காற்றில் வித்தியாசம் தெரியவில்லை. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். விலை கூடுதல், ஆனால் எங்கள் வீட்டில் ஃபேன் வருஷம் முழுக்க ஓடுவதால் கட்டுப்படியாகிறது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே இவ்வளவு போதும்.

இனி அந்த ஐந்தாவது நட்சத்திரம்.

முதல் குறை, தூசு. விசைத்தறிப் பஞ்சும் ரோட்டுப் புழுதியும் வந்து படிகிற ஊர் இது. 2025 பங்குனியில் மறுபடி அளந்தபோது அதே வெள்ளைத் தளம் 47 காட்டியது. பழுப்பேறியிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு மெத்தென்ற துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினோம், மறுநாள் 42க்கு வந்துவிட்டது. ஆக, கோடை பிறக்கும் முன் ஒரு கழுவல் கட்டாயம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கம்பி பிரஷ் போட்டால் பெயிண்டும் வந்துவிடும்.

அடுத்தது, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயருகே ஓர் அகலத் தட்டு அளவுக்குக் கொப்புளம் கிளம்பியது. அங்கே வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் நிற்கிறது. பெயிண்டர் தம்பியைக் கூப்பிட்டதும் வந்து, கொப்புளத்தை அறுத்து எடுத்து, சிமெண்ட் வைத்து வாட்டம் சரிசெய்து, காயவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அவர் வேலைக்கு முழு மதிப்பெண். உத்தரவாத அட்டை வேறு கதை. ஐந்து வருஷம் என்று வாளியில் பெரிதாகப் போட்டிருந்தது. கம்பெனிக்குப் பேசினால், அவர்களே அனுப்பும் ஆளை வைத்து அடித்திருந்தால்தான் செல்லும் என்றார்கள். அந்த நிபந்தனை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. வாங்கும்போதே பின்பக்கத்தைப் படியுங்கள். தண்ணீர் தேங்குகிற தளம், ஏற்கெனவே ஒழுகுகிற தளம் என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஈரத்தின் மேல் எந்த பெயிண்டும் நிற்காது.

கண்கூச்சமும் உண்டு. காலையில் எங்கள் மாடி வெளிச்சம் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் அடித்தது. அந்த அக்கா வந்து சொன்ன பிறகு, அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரில் நாற்றுப் பண்ணைக்குப் போடுகிற பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டோம். ஈரமாக இருக்கும்போது வெள்ளைத் தளம் வழுக்கும், வயதானவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் அடித்த பிறகு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

பெயிண்டுக்குப் பதிலாக மாடி முழுக்க நிழல்வலையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தளத்துக்கு மேலே காற்றுப் போக உயரம் விட்டுக் கட்டினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற நாடு இது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் உடுமலை, தாராபுரம் பக்கம் வலையும் கம்பும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அங்கே பெயிண்ட்தான் நல்லது. மேற்குச் சுவர் சாயங்கால வெயிலில் காய்வதற்கும் இந்த பெயிண்ட் உதவாது. அதற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ தென்னந்தடுக்கோ தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை, கண்ணாடி தாண்டி வந்துவிட்ட சூட்டைத் திருப்பி அனுப்பாது. இரண்டு மாடி வீட்டில் கீழே இருப்பவர்களுக்கும் இதனால் ஒன்றும் தெரியாது. கோத்தகிரி, ஊட்டி மாதிரி குளிர் ஊர்களுக்கு இது வேண்டாம். சோலார் பேனல் போடும் எண்ணம் இருந்தால் பேனல் ஏறும் முன் பெயிண்டை முடித்துவிடுங்கள், பிறகு அடியில் புகுந்து அடிக்க முடியாது.

இருபதாயிரம் எங்கே போவது என்பவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. என்னிடம் தைக்க வரும் ஒரு பெண் இருக்கும் லைன் வீட்டுக்கு அதைத்தான் செய்தோம். எட்டு வீடு, வரிசையாக ஒரே அட்டைக் கூரை, ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து ஓர் அறையும் ஒரு சமையல் இடமும். தூள் சுண்ணாம்பு மூட்டை, கொஞ்சம் வெள்ளை சிமெண்ட், பிடிப்புக்கு டி.டி.எல். பசை. நன்றாகக் கலக்கி, வடிகட்டி, நனைத்த அட்டையில் இரண்டு கோட்டு. கூலியோடு சதுர அடிக்கு 3 ரூபாய்க்குள் முடிந்தது. கல் சுண்ணாம்பு வாங்கி வீட்டில் நீற்றுவதானால் தண்ணீரில் போட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். புதிதில் பெயிண்டுக்குப் பக்கத்தில் வருகிறது, அட்டை மேல்பக்கம் 45 காட்டியது. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மூன்று ரூபாய் என்பது வீட்டுக்காரருக்குப் பெரிய செலவில்லை. அகமதாபாத்தில் ஏழைகள் குடியிருக்கும் கூரைகளுக்கு 2017லேயே இப்படி வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். தெலங்கானா 2023ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயமாக்கியது. அந்த எட்டு வீட்டில் குடியிருப்பவர்கள் தறியிலும் சாயப்பட்டறையிலும் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் வந்து படுப்பவர்கள். வெயில் உச்சியில் அட்டைக்குக் கீழே தூங்க வேண்டியவர்கள் அவர்கள்தான். கூரையில் கை வைக்கும் உரிமை வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை, வீட்டுக்காரர் நினைத்தால்தான் உண்டு. லைன் வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மாத வாடகையில் ஒரு பங்கை எடுத்து இந்தக் கோடைக்கு முன் அடித்துக் கொடுங்கள். அங்கே சின்னக் குழந்தைகள் இருக்கின்றன.

எங்கள் பவானி தம்பியின் நம்பரைக் கேட்டுச் சிலர் வருகிறார்கள். நேரில் கேட்டால் தருகிறேன். நீங்கள் யாரை வைத்தாலும், தை பிறந்ததும் சொல்லி வையுங்கள். மாசிக்குள் முடித்தால் தளமும் காய்ந்திருக்கும், மழைப் பயமும் இல்லை, பகல் முழுக்க வேலை பார்க்கலாம். பங்குனியில் எல்லோரும் கூப்பிடுவார்கள், கூலியும் ஏறும், ஆளும் கிடைக்க மாட்டார். வாளி விலையும் அப்போது கூடத்தான் செய்கிறது.